போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸின் புதுப் பதிப்பு செப்டம்பரில் வருவதால்தான் யாரும் அப்கிரேடு செய்வதில்லையாம்!

ரோல்பேக்_ராணி
"செப்டம்பரில் வெளியிடுவதுதான் குற்றம், பிப்ரவரியில் விட்டால் எல்லோரும் உடனே மாறிவிடுவார்கள்" என்று வேக்யூம் சார் அடித்துவிட்டிருக்கிறார். படித்ததிலிருந்து எரிச்சல் அடங்கவில்லை. 9.5 பதிப்பு வந்தது ஜனவரி 2016-இல். அப்போது வரிசையில் நின்றா மாறினீர்கள்?

வேக்யூம்
செப்டம்பர் கடைசியில் மேஜர், அதாவது பெரிய பதிப்பு. முதல் திருத்தம் நவம்பரில். அதைச் சோதித்து முடிப்பதற்குள் ஆண்டு இறுதி ஃப்ரீஸ், எந்த சர்வரையும் தொடாதே என்கிறார்கள். ஃப்ரீஸ் விலகும்போது தலைக்கு மேல் வேறு வேலை. 9.5 தாமதமாகி ஜனவரிக்குப் போனது. அதைச் சாட்சிக்கு இழுக்காதீர்கள்.

ரோல்பேக்_ராணி
தாமதமோ தவமோ, ஜனவரி ஜனவரிதானே?

மூன்றாம்_நோட்
அப்கிரேடு என்று எதைச் சொல்கிறீர்கள்? 17.1-லிருந்து 17.2-க்கா, 12-லிருந்து 17-க்கா? முன்னது மைனர் பதிப்பு, பைனரியை (புரோகிராம் ஃபைல்களை) மாற்றி ரீஸ்டார்ட் செய்தால் போதும்.

வேக்யூம்
அது தெரியாமலா இருக்கிறோம்? பேச்சு செப்டம்பரைப் பற்றி.

லாக்_வாசகன்
மாதம் வெறும் சாக்கு. 14 வெளியானது செப்டம்பர் 2021. கன்கரன்ட்லி போட்டு (டேபிளில் எழுதுவதை நிறுத்தாமல்) இன்டெக்ஸ் எனும் தேடல் அட்டவணையைக் கட்டினால் அது கெட்டுப்போகலாம் என்ற பிழைக்குத் திருத்தம் 14.4-இல், ஜூன் 2022-இல்தான் வந்தது. 17.1 சில எக்ஸ்டென்ஷன்களை (கூடுதல் இணைப்புகளை) உடைத்ததால் ஒரே வாரத்தில் 17.2 விட்டார்கள். இதையெல்லாம் பார்த்தவன் காலண்டரைப் பார்த்தா பயப்படுவான்?

வேக்யூம்
வந்துவிட்டாரய்யா! மேஜர் அப்கிரேடுக்கான கருவி பிஜி_அப்கிரேடை லிங்க் மோடில் (பழைய ஃபைல்களை நகலெடுக்காமல் புது சர்வரும் பகிர்ந்துகொள்ளும் முறையில்) ஓட்டி, புது சர்வரைக் கிளப்பிய பிறகும் பழையதுக்குத் திரும்பலாம் என்று இங்கே அறிவுரை சொன்ன புண்ணியவான் நீங்கள்தானே?

லாக்_வாசகன்
பேக்கப் இருந்தால் என்று சொன்னேன். பாதியை வெட்டிவிட்டு மேற்கோள் காட்டுவது உங்களுக்குக் கைவந்த கலை.

இன்னோடிபி_அடிமை
எங்கள் டேட்டாபேஸ் மைஎஸ்கியூஎல்லைப் பாருங்கள், 8.0 வந்தது ஏப்ரல் 2018-இல். உங்கள் செப்டம்பர் அங்கே இல்லை. அப்படியும் 5.7-ஐ அக்டோபர் 2023-இல் ஆதரவு முடிகிற வரை கட்டிப்பிடித்திருந்தவர்கள் எத்தனை பேர்! ஆயுள் முடிகிற தேதி கழுத்தைப் பிடித்தால்தான் நம்மாட்கள் நகர்வார்கள்.

வேக்யூம்
மைனர் பதிப்பிலேயே புது அம்சங்களைத் திணித்தவர்கள் வெளியீட்டு ஒழுங்கைப் பற்றிப் பேசுகிறார்கள், கேட்டுக்கொள்ளுங்கள். பத்தாயிரம் டேபிளுக்கு மேல் இருந்தால் 8.0.38 ரீஸ்டார்ட்டில் விழுந்ததே, மறந்துபோச்சா? சரி, ஆயுளுக்கே வருகிறேன். எங்கள் போஸ்ட்கிரெஸ் 12-க்கு ஆதரவு முடிந்தது நவம்பர் 2024. ஏன் நவம்பர்? ஐந்து வருடக் கணக்கு செப்டம்பரில் தொடங்குவதால். அதுவும் ஃப்ரீஸுக்கு முன்னால்தான் வந்து விழுகிறது!

ரோல்பேக்_ராணி
12 வெளியானது அக்டோபர் 3, 2019. செப்டம்பர் எங்கே போனது சார்?

வேக்யூம்
மூன்று நாள் தள்ளிப்போனால் வாதமே செத்துவிட்டதா? நீங்கள் என்றைக்காவது ராத்திரி உட்கார்ந்து மேஜர் அப்கிரேடு செய்திருக்கிறீர்களா அம்மா? குவெரியை எப்படி ஓட்டுவது என்று தீர்மானிக்கும் பிளானருக்கான புள்ளிவிவரங்களை பிஜி_அப்கிரேடு தன்னோடு கொண்டுவர ஆரம்பித்ததே 18-இல்தான். அதற்கு முன்பெல்லாம் அவற்றைத் திரும்பச் சேகரிக்கும் அனலைஸ் முடிகிற வரை ஒவ்வொரு குவெரியும் நொண்டும், பக்கத்திலேயே ஆள் இருந்தாக வேண்டும். டிசம்பரில் எவன் இருப்பான்? அதனால்தான் பிப்ரவரி என்கிறேன்.

ரோல்பேக்_ராணி
செய்திருக்கிறேன். அக்டோபரில்.

வேக்யூம்
விதிவிலக்கு.

லாக்_வாசகன்
லிங்க் மோடு பற்றி நான் எழுதியதை முழுசாக எடுத்துப் போடுங்கள். அதுவரை உங்கள் செப்டம்பருக்கும் பிப்ரவரிக்கும் என்னிடம் பதில் கிடையாது.