டிரில்லில் பிரஷ் மாட்டித் தேய்க்கிறவங்க, உங்க அனுபவத்தைச் சொல்லுங்க

தோள்பட்டை வலிக்காரர்களுக்கு முதலில் ஒரு நல்ல செய்தி. பாத்ரூம் டைல்ஸை நான் இப்போது கையால் தேய்ப்பதே இல்லை. அலமாரி மாட்டுவதற்காக வாங்கிய பேட்டரி டிரில்லில் வட்டப் பிரஷ் ஒன்றை மாட்டித்தான் தேய்க்கிறேன். பிரஷ்ஷின் தண்டு கால் அங்குல அறுகோணம்; ஸ்க்ரூ பிட்டை மாட்டுவது போலவே டிரில்லின் வாயான சக்கில் வைத்து இறுக்கினால் போதும்.

ஆனால் விளம்பர வீடியோவில் காட்டுவது மாதிரி, காய்ந்த அழுக்கின் மேல் வைத்த மாத்திரத்தில் பளிச்சென்று ஆகிவிடாது. அழுக்கைக் கிளப்புவது நாம் ஊற்றும் மருந்தும் அது ஊறும் நேரமும்தான். டிரில் மிச்சப்படுத்துவது நம் தோளை மட்டும். சோடியம் பெர்கார்பனேட் (ஆக்சிஜன் பிளீச்) தூளை வெந்நீரில் கரைத்து டைல்ஸ் இடுக்குகளில் ஊற்றி, காய்ந்துபோகாமல் பார்த்துக்கொண்டு கால் மணி நேரம் விடுவேன். பிறகு கியர் 1-ல் வைத்துப் பிரஷ்ஷை ஓட்டினால் இடுக்கிலிருந்து பழுப்பாக ஒரு குழம்பு கிளம்பும். அதை அப்படியே விட்டால் திரும்ப அதே இடுக்கில் இறங்கிக் காய்ந்துவிடும். உடனே வைப்பரால் வழித்து, நல்ல தண்ணீர் விட்டு அலச வேண்டும். "டிரில் பிரஷ் சுத்த வேஸ்ட்" என்பவர்களில் பாதிப்பேர் இந்தக் கடைசி வேலையை விட்டவர்கள் என்பது என் சந்தேகம்.

உங்கள் வீட்டில் எதற்கெல்லாம் பயன்பட்டது, எங்கே கெடுத்தது என்று எழுதுங்கள்.

———

கியர் 1 என்று போகிறபோக்கில் சொல்லிவிட்டீர்கள். அதை நான் இன்னும் சத்தமாகச் சொல்கிறேன்.

சாதாரண 18 வோல்ட் டிரில்லில் முதல் கியர் நிமிடத்துக்கு 400, 500 சுற்று ஓடும். இரண்டாவது கியர் 1,500-ஐத் தாண்டும். 10 செ.மீ. அகலப் பிரஷ்ஷின் ஓரம் 400 சுற்றில் நொடிக்குச் சுமார் 2 மீட்டர் வேகத்தில் போகிறது. 1,500 சுற்றில் கிட்டத்தட்ட 8 மீட்டர். அதாவது மணிக்கு 28 கிலோமீட்டர். பிளீச் தண்ணீர் அந்த வேகத்தில் முகத்துக்கு வந்தால் என்ன ஆகும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். கண்ணாடி போடாமல் யாரும் இதைத் தொடாதீர்கள். நான் சொல்வது பக்கவாட்டிலும் மூடியிருக்கும் பாதுகாப்புக் கண்ணாடி, படிக்கிற கண்ணாடி இல்லை.

என் மைத்துனர் சுவரில் துளை போடும் ஒயர் டிரில்லிலேயே பிரஷ்ஷை மாட்டினார். அந்த மாதிரி மெஷின்களில் பல 2,800 சுற்று வரை போகும். வேலை முடிந்தபோது தரையைவிட மேல்தளத்தில்தான் அழுக்கு அதிகம். அது சிரிப்புக்கு. ஈரத் தரையில் நின்றுகொண்டு மின்சார ஒயர் உள்ள மெஷினைப் பிடிப்பது சிரிக்கிற விஷயம் இல்லை. பேட்டரி டிரில் மட்டும்தான். சுவரைத் துளைக்க இடித்துக்கொண்டே சுற்றும் ஹேமர் மோடு அணைந்திருக்கிறதா என்றும் ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள்.

———

டைல்ஸ் ஒட்டுறதுதான் என் தொழில். ஒண்ணு ரெண்டு சொல்றேன்.

இடுக்குல இருக்கிறது சிமெண்ட் கிரவுட்னா அதுல கண்ணுக்குத் தெரியாத துளைங்க இருக்கும், அழுக்கு உள்ளே இறங்கும். பிரஷ் மேலோட இருக்கிறதைத்தான் எடுக்கும். எபாக்ஸி கிரவுட்னா கவலையே இல்லை, நல்லா தாங்கும். உங்களது எதுன்னு தெரியலைன்னா ஒரு சொட்டுத் தண்ணி விட்டுப் பாருங்க. உறிஞ்சி அந்த இடம் கருத்துச்சுன்னா அது சிமெண்ட், மேலே சீலர் பூசலைன்னும் அர்த்தம்.

போன வாரம் ஒரு வீட்டுக்குக் கூப்பிட்டாங்க. சுத்தம் பண்ண வந்த ஆளுங்க ஆசிட்டை ஊத்தி, ரொம்பக் கெட்டியான கறுப்பு பிரஷ்ஷைப் போட்டு ஓட்டியிருக்காங்க. டைல்ஸ் சும்மா ஜொலிக்குது, இடுக்குல கிரவுட்டைக் காணோம். விரலை வெச்சா மணல் மாதிரி உதிருது. ஆசிட் சிமெண்ட்டை அரிச்சிருச்சு, இளகினதை பிரஷ் பெயர்த்துருச்சு. ரெண்டுல ஒண்ணு மட்டும்னா இவ்வளவு ஆகியிருக்காது. மார்பிள்ல இதே வேலையைச் செஞ்சா கல்லோட பாலிஷே போயிடும், ஏன்னா மார்பிளே கால்சியம் கார்பனேட்தான். வினிகர், எலுமிச்சைகூட அதுக்கு ஆகாது.

அப்புறம் ஓரத்துல இருக்கிற சிலிக்கான். அதுல கறுப்பா புள்ளி விழுந்துச்சுன்னா பூஞ்சை உள்ளே வேர் விட்டுருச்சுன்னு அர்த்தம். எந்த பிரஷ்ஷும் எடுக்காது. தேய்க்கத் தேய்க்க ஓரம் கிழிஞ்சு தண்ணி பின்னாடி போகும். வெட்டி எடுத்துட்டுப் புதுசா போடுறதுதான் வழி.

———

மேலே எழுதிய டைல்ஸ் அண்ணாவுக்கு நன்றி. பிரஷ் நாரின் நிறத்தைப் பற்றி ஒரு வார்த்தை: வெள்ளை மென்மை, மஞ்சள் நடுத்தரம், கறுப்பு முரடு என்று பலர் சொல்வார்கள். பொதுவாகச் சரிதான், ஆனால் எல்லாக் கம்பெனியும் அதே முறையைப் பின்பற்றுவதில்லை. நாரை விரலால் மடக்கிப் பார்த்துத் தெரிந்துகொள்வதே உத்தமம்.

நான் எழுத வந்தது வேறு. புதிதாகப் பிடிக்கிறவர்கள் எல்லோரும் "டிரில் கையை இழுத்துக்கொண்டு ஓடுகிறது" என்கிறார்கள். அது ஏன் ஓடுகிறது என்று தெரிந்தால் அதையே வேலைக்கு வைத்துக்கொள்ளலாம். தரையில் தட்டைப் பிரஷ்ஷை வைத்து முன்னோக்கிச் சுற்றும் பட்டனை அழுத்தினால், மேலிருந்து பார்க்கும்போது அது கடிகாரச் சுற்றில் சுற்றும். டிரில்லை லேசாக வலப்பக்கம் சாய்த்தால் பிரஷ்ஷின் வலது ஓரம் தரையைப் பிடிக்கும். அந்த ஓரத்து நார்கள் தரையை உங்களை நோக்கி இழுக்கின்றன. ஆகவே டிரில் உங்களை விட்டு முன்னால் ஓடும். இடப்பக்கம் சாய்த்தால் உங்கள் பக்கம் வரும். சமமாகப் பிடித்தால் நின்ற இடத்தில் நிற்கும். ஒரு இடுக்கின் நீளத்துக்கு வலப்பக்கம் சாய்த்துப் போய், இடப்பக்கம் சாய்த்துத் திரும்பி வருவேன். நான் தள்ளுவதே கிடையாது, போகும் திசையைக் காட்டுவதோடு சரி.

சாய்மானம் என்றால் கொஞ்சமே கொஞ்சம். அழுத்தவும் கூடாது. அழுத்தினால் நார் படுத்துவிடும். சுத்தம் செய்வது நாரின் நுனி, அதன் விலா அல்ல. டிரில்லின் எடையே போதும்.

தெறிப்புக்கு ஒரு யோசனை: பழைய பிளாஸ்டிக் டப்பாவின் அகலமான மூடியின் நடுவில் துளை போட்டு, பிரஷ் தண்டை அதன் வழியே விட்டுச் சக்கில் மாட்டுங்கள். மூடி பிரஷ்ஷுக்கும் கைக்கும் நடுவில் குடை பிடித்த மாதிரி நிற்கும். சுவரில் தேய்க்கும்போது தண்டு வழியே தண்ணீர் சக்குக்குள் இறங்குவதையும் பெருமளவு தடுக்கும்.

———

எனக்கு இதெல்லாம் தேவையில்லாத ஆர்ப்பாட்டமாகத்தான் படுகிறது. ஊறவைத்தால் கைப் பிரஷ்ஷுக்கே வந்துவிடும். டிரில்லை எடுத்து, பேட்டரி சார்ஜ் பண்ணி, கண்ணாடி போட்டு, பிறகு தெறித்ததைத் துடைத்து... ஒற்றை வாஷ்பேசினுக்கு இவ்வளவா?

———

வாஷ்பேசினுக்கு வேண்டாம் சார், ஒத்துக்கொள்கிறேன். எனக்கு விரல் மூட்டுகளில் வாதம். கைப் பிரஷ்ஷை இறுக்கிப் பிடித்தால் அன்றைக்கு முழுவதும் எழுத முடியாது. டிரில்லின் தடித்த பிடியில் அந்தச் சிரமம் இல்லை. 18 வோல்ட் கனம், 12 வோல்ட் சின்ன டிரில் போதும். மெஷின் சூடானால் கொஞ்சம் நிறுத்திவிடுவேன். பட்டனை அரைகுறையாக அழுத்தி நெடுநேரம் ஓட்டினால் உள்ளே இருக்கும் விசிறியும் மெதுவாகத்தான் சுற்றும்.

இன்னொன்று, சக்கை ஒட்டி எண் போட்ட வளையம் இருக்கும், அதை டிரில் படத்தில் வைக்காமல் நடு எண் ஒன்றில் வைக்கிறேன். பிரஷ் எங்காவது மாட்டிக்கொண்டால் கடகடவென்று வழுக்கிச் சுற்றுமே தவிர மணிக்கட்டை முறுக்காது.

———

சோபா, கார்பெட் பக்கம் யாரும் வரவில்லையே? துணி சோபாவில் மென்மையான வெள்ளைப் பிரஷ், மிகக் குறைந்த வேகம், நுரை மட்டும். தண்ணீரில் நனைக்கக் கூடாது, உள்ளே ஸ்பாஞ்சு காயாமல் நாறும். இந்த முறையில் கைவைக்கும் இடத்து எண்ணெய்ப் பிசுக்கு நன்றாகவே போனது. வெல்வெட் மாதிரி மயிர்த்துணியில் வேண்டவே வேண்டாம், வட்டம் வட்டமாகத் தடம் விழும். வளையம் வளையமாக நூல் நிற்கும் கார்பெட்டும் கூடாது. ஒரு நூல் நாரில் சிக்கினால் நீளத்துக்கு உருவிக்கொண்டு வரும். தலைமுடியைக் கட்டிக்கொள்ளுங்கள், தொங்கும் துணி எதுவும் வேண்டாம், துணிக் கையுறையும் ஆகாது.

நான்ஸ்டிக் பாத்திரம், அக்ரிலிக் தொட்டி, கார் பெயின்ட் இந்த மூன்றிலும் கை வைக்காதீர்கள். எவர்சில்வர் சிங்க்கில் நீளவாக்கில் மெல்லிய வரி ஓடுமே, அதன் குறுக்கே வட்டக் கீறல் விழுந்தால் வெளிச்சத்தில் காட்டிக்கொடுத்துவிடும்.

———

குளியலறைக் கண்ணாடித் தடுப்பில் வெள்ளையாக உப்புப் படிந்திருக்கிறது. டைல்ஸுக்குப் போட்ட அதே பிளீச் தண்ணீரை ஊற்றி டிரில் பிரஷ் ஓட்டினால் போகுமா?

———

போகாது. அது கால்சியம் உப்பு, பிளீச்சுக்கு அசையாது. சிட்ரிக் ஆசிட்டைத் தண்ணீரில் கரைத்து, துணியில் நனைத்து, கண்ணாடியில் ஒட்டிவிடுங்கள். அரை மணி நேரம் கழித்து எடுத்தால் பாதி தானாகவே கரைந்திருக்கும். மீதியை மென்மையான பிரஷ்ஷால் மெதுவாக ஓட்டி எடுக்கலாம். கீழே மார்பிள் இருந்தால் சொட்டாதபடி பார்த்துக்கொள்ளுங்கள்.

முக்கியமாக, அதே பாத்ரூமில் முதலில் பிளீச் போட்டிருந்தால் நன்றாக அலசி, ஜன்னலைத் திறந்துவிட்டு, ஆசிட் வேலையை வேறொரு நாள் வைத்துக்கொள்ளுங்கள். குளோரின் பிளீச்சும் ஆசிட்டும் கலந்தால் குளோரின் வாயு வரும். அமோனியா கலந்த கிளீனரோடு சேர்ந்தாலும் விஷவாயுதான். கையால் தேய்க்கும்போது துளியாகக் கிடப்பதை இந்த பிரஷ் பொடிச்சாரலாக மூஞ்சிக்கு நேரே தூக்கிவிடும். சின்ன அறையில் அதைச் சுவாசித்துக்கொண்டே நிற்போம்.

பிரஷ்ஷை ஆசிட்டுக்கு ஒன்று, பிளீச்சுக்கு ஒன்று எனத் தனித்தனியாக வைத்திருக்கிறேன். முடிந்ததும் அலசி, தண்டைத் துடைத்து, நார் மேலே பார்க்கும்படி நிறுத்திவிடுவேன். நாரைக் கீழே வைத்துக் கவிழ்த்தால் வளைந்து அப்படியே நின்றுவிடும், அடுத்த முறை சக்கில் மாட்டும்போது தள்ளாடும்.