நைட்ரஜன் வைத்ததும் பேண்ட் கேப் பூஜ்யம் ஆகிறது, உதவுங்கள்

தறிநூல்:
வணக்கம். எலக்ட்ரான் மட்டங்களைக் கணிக்கும் கணினிக் கணக்கில் (டிஎஃப்டி), காலியம் ஆர்செனைடுங்கிற குறைகடத்தியில் ஒரு ஆர்செனிக் அணுவை எடுத்துட்டு நைட்ரஜன் வச்சேன். பேண்ட் கேப், அதாவது எலக்ட்ரான் நிரம்பின பட்டைக்கும் மேலே உள்ள காலிப் பட்டைக்கும் நடுவுல இருக்கிற ஆற்றல் இடைவெளி, பூஜ்யம்னு வருது. காலியம் ஆர்செனைடுக்கு 1.42 இவி (எலக்ட்ரான் வோல்ட்), காலியம் நைட்ரைடுக்கு 3.4. அப்போ கேப் கூடத்தானே செய்யணும்? பேண்ட் படமும் நூல் சிக்கு மாதிரி இருக்கு. வியாழக்கிழமை கைடுகிட்ட காட்டணும். எங்கே தப்பு?

அலைஎண்:
திரும்பத் திரும்ப அடுக்கும் செல்லில் எத்தனை அணு? எந்த ஃபங்ஷனல் (எலக்ட்ரான்கள் ஒன்றையொன்று பாதிப்பதற்கு எடுக்கும் தோராயம்)? கே-பாயின்ட் (கணக்குப் போடும் அலைத்திசையன் புள்ளிகள்) எத்தனை? இதெல்லாம் இல்லாம யாராலும் சொல்ல முடியாது. என் அனுபவத்தில் பத்துக்கு எட்டு தடவை கே-பாயின்ட்தான் காரணம்.

பொறிஞன்77:
நைட்ரஜன் டோனரா, அதாவது எலக்ட்ரான் கொடுக்கும் மாசா, வேலை செய்யுது. ஃபெர்மி மட்டம் (எலக்ட்ரான் நிரம்பும் எல்லை) மேலே உள்ள கடத்துப் பட்டைக்குள்ள ஏறியிருக்கும். சிலிக்கானில் பாஸ்பரஸ் போட்ட கதைதான்.

குறைகடத்தி:
பொறிஞன், நைட்ரஜனும் ஆர்செனிக்கும் ஒரே தொகுதி, 15. வெளிக்கூட்டில் இரண்டுக்கும் ஐந்து எலக்ட்ரான்தான். கொடுக்க மிச்சம் ஏது? இது முதல் வருடப் பாடம்.
தறிநூல், நீங்களும் ரன் போடும் முன் கொஞ்சம் படித்திருக்க வேண்டும். நைட்ரஜன் சிறிய அணு, எலக்ட்ரான் கவர்திறன் 3.04, ஆர்செனிக்குக்கு 2.18. அதனால் நைட்ரஜனுக்கென்று ஒரு மட்டம் இணைதிறன் பட்டையின் (எலக்ட்ரான் நிரம்பிய கீழ்ப் பட்டை) உச்சிக்குச் சுமார் 1.65 இவி மேலே, கடத்துப் பட்டைக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறது. அதுவும் கடத்துப் பட்டையும் ஒன்றையொன்று தள்ளும், பட்டையின் அடி கீழே இறங்கும். பெர்க்லி குழு 1999-இல் சொன்ன பேண்ட் ஆன்டிகிராசிங் இதுதான். இந்த இரண்டுக்கும் இடையிலான பிணைப்பு, நைட்ரஜன் செறிவின் வர்க்கமூலத்தோடு வளரும்; குணகம் சுமார் 2.7 இவி. 1 சதவீதம் போட்டாலே 1.42 என்பது 1.24 ஆகும். ஆக, கேப் குறைவது சரி. பூஜ்யம் ஆவதுதான் தவறு.

மாலைவெயில்:
விளக்கம் அருமை, தொனி வேண்டாமே. அவசரத்தில் கேட்கிற பிள்ளை. இன்னொன்று: இந்த மாடல் இரண்டே மட்டத்தை வைத்துக்கொள்கிறது. நிஜக் கலவையில் நைட்ரஜன் ஜோடியாகவும் கொத்தாகவும் சேர்ந்து கேப்புக்குள்ளேயே தனி மட்டங்களைக் கொடுக்கும்.

குறைகடத்தி:
தொனி பற்றித் தெரியாது. 1 சதவீத மாசுக்கு இரண்டு மட்டம் போதும்.

மாலைவெயில்:
1 சதவீதத்தை மாசு என்பதே சரியில்லை. டோப்பிங் என்றால் லட்சத்தில் ஒன்று, கோடியில் ஒன்று. இது உலோகக்கலவை மாதிரி ஒரு கலவை.

பொறிஞன்77:
அப்போ காலியம் பாஸ்பைடில் நைட்ரஜன் சேர்த்துப் பச்சை எல்இடி செய்தார்களே, அது மாசா கலவையா?

மாலைவெயில்:
அங்கே அளவு மிகக் குறைவு, அது மாசுதான். தனித்தனி அணு எலக்ட்ரானைப் பிடித்து வைக்கிறது. இங்கே பட்டையே உருமாறுகிறது. எல்லை எங்கே என்று கேட்டால் நான் வாதாடத் தயார், ஆனால் தனி இழையில்.

தறிநூல்:
மன்னிக்கணும். 64 அணு, ஒரே நைட்ரஜன். ஃபங்ஷனல் பிபிஇ. தூய காலியம் ஆர்செனைடை ரிலாக்ஸ் பண்ணப்போ (ஆற்றல் குறைவான அமைப்புக்கு நகர விட்டப்போ) லேட்டிஸ் நீளம் 5.75 ஆங்ஸ்ட்ராம் வந்துச்சு, அதையே வச்சு அணுக்களை மட்டும் ரிலாக்ஸ் பண்ணேன்.

அலைஎண்:
இதை முதல்லயே சொல்லியிருந்தா! கே-பாயின்ட் பற்றிய என் பேச்சை விட்டுடுங்க. பிபிஇ கேப்பை ரொம்பக் குறைக்கும், 5.75 வச்சா தூய பொருளுக்கே 0.2 இவி பக்கம்தான் வரும். சோதனையில் அளந்தது 5.653. 32 ஆர்செனிக்கில் ஒன்று என்றால் 3.1 சதவீதம், குறைகடத்தி சொன்ன கணக்குப்படி கேப் 0.38 குறையணும். இருப்பதே 0.2, அதில் 0.38 கழிந்தால் மூடாம என்ன செய்யும்? அதே கணக்கில் நிஜத்தில் 1.04 இவி வரணும். 5.653 வச்சு எச்எஸ்இ (கேப்பை இன்னும் சரியாச் சொல்லும் ஃபங்ஷனல்) போடுங்க.
சிக்கு விஷயம்: உங்க 2×2×2 செல்லில் அலைத்திசையன் வெளியின் ஓரத்தில் உள்ள எல் புள்ளியும் எக்ஸ் புள்ளியும் மடிஞ்சு அதன் மையமான காமாவில் வந்து விழும். அன்ஃபோல்டிங் (மடிஞ்ச பட்டைகளை விரிக்கிறது) பண்ணாம அந்தப் படத்தைக் கைடுகிட்ட காட்டாதீங்க. 1 சதவீதத்துக்கு 216 அணு செல் வேணும்.

மாலைவெயில்:
ஒரே நைட்ரஜன் என்றால் அது வரிசையாகத் திரும்பத் திரும்ப வரும் என்பதையும் சொல்லிவிடுங்கள். கைடு கட்டாயம் கேட்பார்.

தறிநூல்:
கேப் திறந்துடுச்சு, 1 இவி கிட்ட. அன்ஃபோல்டிங் இன்னும் ஓடலை. எல்லாருக்கும் நன்றி.