எம்.லிப். படித்தவருக்கு டெல்டாவில் எங்கே மரியாதை?

குடந்தை வாசகி:
எம்.லிப். (நூலக அறிவியல் முதுகலைப் பட்டம்) 58% எடுத்தவர் பொது நூலகத்துக்குப் போவதா, கல்லூரிக்கா? படிப்புக்கேற்ற சம்பளம் எதில் கிடைக்கும்?

மன்னை:
கல்லூரிதான். யு.ஜி.சி. (பல்கலைக்கழக மானியக் குழு) 2018 விதிப்படி கல்லூரி நூலகருக்கு உதவிப் பேராசிரியருக்கு உள்ள அதே ஊதிய நிலை 10. தொடக்க அடிப்படை ஊதியம் 57,700 ரூபாய். 55% மதிப்பெண்ணோடு நெட் (தேசியத் தகுதித் தேர்வு) அல்லது செட் (மாநிலத் தகுதித் தேர்வு) தேறியிருக்கணும். சுயநிதிக் கல்லூரி என்றால் இந்தக் கணக்கை நம்பிப் போகாதீங்க. பணி ஆணையில் பதவிப் பெயரைப் பாருங்க. ‘நூலக உதவியாளர்’ என்று இருந்தால், முழு நூலகத்தையும் நீங்களே நடத்தினாலும் அனுபவச் சான்று உதவியாளருக்குத்தான் வரும்.

தஞ்சை அலமாரி:
பொது நூலகத்தில் கீழ்நிலைப் பணிக்குச் சான்றிதழ் படிப்பே போதும். எம்.லிப். அங்கே கூடுதல் காசாகாது. அங்கே புத்தகம் வாங்கும் பணம் நூலக வரியில் வருது; அது சொத்து வரியில் ரூபாய்க்கு 10 பைசா. உள்ளாட்சி வசூலித்து அனுப்பத் தாமதித்தால் புத்தகக் கொள்முதல்தான் முதலில் நிற்கும்.

சீர்காழி:
(இந்திய நூலக அறிவியலின் தந்தை ரங்கநாதன் பிறந்த ஊர்க்காரன் பேசுறேன்!) “புத்தகம் அடுக்க எம்.லிப். எதுக்கு?” என்பவர்களிடம் தமிழ் நூல்களை ஆசிரியர் பெயர்வாரியாக நூலகப் பட்டியலில் ஏற்றச் சொல்லுங்க. நமக்குக் குடும்பப் பெயர் இல்லை. முன்னெழுத்து, புனைபெயர், இயற்பெயர் என்று விதி இல்லாமல் ஏற்றினால் ஒரே ஆசிரியர் மூணு இடத்தில் சிதறுவார். டூயி முறையில் (நூல்களைப் பொருள்வாரியாக எண்ணிட்டு அடுக்கும் முறை) தமிழ் இலக்கியம் மொத்தமும் 894.811க்குள். கவிதை, நாடகம், புதினம் என்று மேலே பிரிக்காவிட்டால் தேடுகிறவர் அலமாரி முழுக்கத் துழாவணும்.