29-ஆவது டிவிஷன்: ஹாஃப்-டிராக்கா, லாரியா? உதவி தேவை

நண்பர்களே, வணக்கம். 1943 சிசிலிப் போர்க்களத்தை ஒரு சின்ன மேசைக் காட்சியாகச் செய்துகொண்டிருக்கிறேன். ஜெர்மனியின் 29-ஆவது பன்சர்கிரனேடியர் (‘பன்சர்’ என்றால் கவசம்; இது வண்டிகளில் போகும் காலாட்படை) டிவிஷனைத்தான் காட்ட வேண்டும் என்பது ஆசை.

இது ஸ்டாலின்கிராடில் 1943 தொடக்கத்தில் அழிந்த 29-ஆவது மோட்டார் காலாட்படை டிவிஷனின் மறுபிறவி. பிரான்சில் திரும்பக் கட்டி, அந்த ஜூனில் புதுப்பெயர் வைத்து, அடுத்த மாதமே சிசிலிக்கு அனுப்பிவிட்டார்கள்.

சிக்கல் இங்கேதான். பெயரைக் கேட்டதும் வீரர்கள் எல்லோரும் கவச வண்டியில் போயிருப்பார்கள் என்று நினைத்து, எஸ்டி.கே.எஃப்.இசட். 251 ஹாஃப்-டிராக் (முன்னால் சக்கரம், பின்னால் டாங்கி போலச் சங்கிலிப் பட்டை உள்ள கவச வண்டி) மாடல் இரண்டு வாங்கிவிட்டேன். (விலையை வீட்டில் இன்னும் சொல்லவில்லை.) அப்புறம்தான் தெரிந்தது, பன்சர் டிவிஷன்களிலேயே (டாங்கிப் படைகள்) பெரும்பாலும் ஒரு பட்டாலியனுக்குத்தான் (சில நூறு வீரர்கள் கொண்ட பிரிவு) அந்த வண்டி கிடைத்தது, மற்றவர்களுக்கு லாரிதான். பன்சர்கிரனேடியர் டிவிஷன்களின் காலாட்படையோ பெரும்பாலும் லாரியை நம்பியே இருந்தது. சாதாரண காலாட்படை டிவிஷன்களில் பீரங்கியை இழுத்ததே குதிரைகள் என்பதால், லாரி கிடைத்ததே பெரிய வசதிதான்.

சரி, என் கேள்விகள்: சிசிலியில் இந்த டிவிஷனின் வேவு பார்க்கும் பிரிவிலாவது ஹாஃப்-டிராக் இருந்ததற்குப் படச் சான்று யாரிடமாவது உண்டா? லாரிதான் சரி என்றால், ஓப்பல் பிளிட்ஸ் என்ற ஜெர்மன் லாரி போதுமா, இத்தாலிய லாரிகளும் கலந்து ஓடினவா? வண்டியின் நிறம் அடர் மஞ்சள் மட்டும்தானா, மேலே பச்சைத் திட்டுகளும் உண்டா?

அந்தக் காலப் படம் ஏதாவது இருந்தால் கீழே போடுங்கள். பெயிண்ட் இன்னும் திறக்கவில்லை.