ஸ்லிப் வார்ப்பு: நின்றதும் கெட்டியாகிறது, என்ன செய்யலாம்?

நண்பர்களே, விருத்தாசலத்தில் அகல், பொம்மை வார்ப்பவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.

எங்கள் ஸ்லிப் (பிளாஸ்டர் அச்சில் ஊற்றி வார்க்கும் களிமண் கரைசல்): பால் கிளே, சைனா கிளே என்ற களிமண்கள், ஃபெல்ட்ஸ்பார், குவார்ட்ஸ் கலவை. கரைசலை இளக்கி ஓடவைக்க, காய்ந்த எடையில் 0.3% சோடியம் சிலிகேட். 100 மி.லி. ஸ்லிப் 178 கிராம் நிற்கிறது, அதில் குறையில்லை. 4 மி.மீ. துளைக் கோப்பையில் கலக்கியவுடன் 35 விநாடியில் வடிகிறது. 10 நிமிடம் அசையாமல் வைத்தால் 80 விநாடி. மிச்ச ஸ்லிப்பை வடிக்க அச்சைக் கவிழ்த்தால் உள்ளே திட்டுத்திட்டாகத் தங்குகிறது.

சிலிகேட்டை 0.4% ஆக்கினோம். ஓட்டம் சரியானது, ஆனால் வார்ப்பு கொழகொழவென்று அச்சிலேயே ஒட்டிக்கொண்டது. அதிகமாகிவிட்டது என்பதற்கு அதுவே அடையாளம், ஆகவே இன்னும் கூட்டச் சொல்ல வேண்டாம்!

அச்சில் படியும் சுவரின் கனம்: 10 நிமிடத்தில் 3 மி.மீ., 20 நிமிடத்தில் 3.5 தான். கனம் நேரத்தின் வர்க்கமூலத்தோடு வளரும் என்பதால் 4.2 வந்திருக்க வேண்டும். அச்சு ஈரமோ? பிளாஸ்டர் 100க்குத் தண்ணீர் 70, இரண்டு நாள் வெயிலில் காய்ந்தவை.

சந்தேகம் இரண்டு: போர் தண்ணீரின் உப்பு, வார்ப்பில் மிஞ்சி, திரும்பக் கலக்கும் சீவலில் வரும் பிளாஸ்டர் துகள். இரண்டுமே கால்சியத்தைக் கொண்டுவந்து சிலிகேட்டின் வேலையைக் கெடுக்கும். மழைநீரில், சீவல் சேர்க்காமல் 2 கிலோ கலந்து பார்க்கப் போகிறோம். சிலிகேட்டில் ஒரு பங்கைச் சோடா ஆஷாக (சோடியம் கார்பனேட்) மாற்றியவர்கள் எந்த விகிதத்தில் மாற்றினீர்கள்? சல்பேட் உப்பை முறிக்கச் சேர்க்கும் பேரியம் கார்பனேட் விஷம், அது வேண்டாம்.