துரை பங்களாவிலிருந்து வந்த தகரப் பெட்டி: செய்தவர் யார்?

கேள்வி – தலவாக்கலை

அனைவருக்கும் வணக்கம். 1975இல் கம்பெனித் தோட்டங்களை அரசு பொறுப்பேற்றதும் எங்கள் தோட்டத்துத் துரை சீமைக்குப் புறப்பட்டபோது, பங்களாவில் அப்புவாக இருந்த என் தாத்தாவிடம் ஒரு பொம்மைக் கோச்சிப் பெட்டியைக் கொடுத்துச் சென்றார். தாத்தா அதை லயக் காம்பராவில் கடைசிவரை பத்திரமாக வைத்திருந்தார்.

அது மேல்மூடி இல்லாத, சாம்பல் நிறத் தகரச் சரக்குப் பெட்டி. பக்கவாட்டில் எல்.என்.டபிள்யூ.ஆர். என்ற வெள்ளை எழுத்துகள் உள்ளன. எதிரெதிர்ச் சக்கரங்களின் உட்புறங்களுக்கு இடையே 28 மில்லிமீற்றர் இருக்கிறது. அடியிலுள்ள தேய்ந்த முத்திரையில் முதலில் ஜி என்ற எழுத்தும் இறுதியில் என் என்ற எழுத்தும் மட்டுமே தெரிகின்றன. எல்.என்.டபிள்யூ.ஆர். என்பது பொம்மை நிறுவனமா? அல்லது இது இங்கிலாந்துப் பொம்மை ரயில் நிறுவனமான ஹோர்ன்பியின் பெட்டியா?

பதில் – நாவலப்பிட்டி

தம்பி, அந்த எழுத்துகள் லண்டன் அன்ட் நோர்த் வெஸ்டர்ன் ரயில்வே என்ற இங்கிலாந்துப் புகையிரதக் கம்பனியைக் குறிப்பவை. செய்தவரைக் குறிப்பவை அல்ல. நம் மலைப்பாதையில் ஓடும் எஸ்12 தொடர் இலங்கைப் புகையிரதத்துக்குச் சொந்தமானது என்றாலும் சீனாவில் கட்டப்பட்டது அல்லவா? அதைப் போன்றதுதான் இதுவும். அந்தக் கம்பனி 1923 தொடக்கத்தில் வேறு கம்பனிகளுடன் இணைக்கப்பட்டு எல்.எம்.எஸ். (லண்டன், மிட்லண்ட் அன்ட் ஸ்கொட்டிஷ் ரயில்வே) ஆகிவிட்டதால், உங்கள் பெட்டியின் வடிவமைப்பு பெரும்பாலும் அதற்கு முந்தியதாக இருக்க வேண்டும்.

28 மில்லிமீற்றர் என்பது சக்கர இடைவெளி. தண்டவாளத்தின் அகலம் அதைவிடச் சற்றுக் கூடுதலாக, 32 மில்லிமீற்றராக இருக்கும். பொம்மை ரயில்களில் அந்த அளவுக்குப் பெயர் ஓ கேஜ். அடுத்து, தகடுகள் எப்படி இணைக்கப்பட்டுள்ளன என்று பாருங்கள். 1920இல் ரயில்களைச் செய்யத் தொடங்கிய ஹோர்ன்பி, துண்டுகளைப் பூட்டி உருவங்கள் செய்யும் தனது மெக்கானோ பொம்மையின் முறைப்படி ஆரம்பகாலப் பெட்டிகளைச் சிறு போல்ட், நட்டுகளால் பூட்டியது. ஒரு தகட்டின் நாக்கை மற்றொன்றின் துளையில் செருகி மடித்திருந்தால், ஜெர்மனியின் நூரம்பேர்க் நகரப் பட்டறைகளைத்தான் நான் முதலில் சந்தேகிப்பேன்.

பதில் – பதுளை

மேலே சொன்னது சரியே, ஆனால் நூரம்பேர்க் என்பதோடு நிறுத்திவிட முடியாது. ஜி என்று தொடங்கி என் என்று முடியும் குறிகளை அந்நகரில் இரண்டு நிறுவனங்கள் பயன்படுத்தின. ஒன்று பிங் சகோதரர்களின் ஜி.பி.என். (ஜெர்மன் மொழியில் கெப்ரூடர் பிங், நூரம்பேர்க்); மற்றொன்று பிரெஞ்சுக்காரரான ஜோர்ஜ் கரெட் நடத்தி, முதலாம் உலகப் போரின் நடுவே 1917இல் மூடப்பட்ட நிறுவனம். இங்கிலாந்தின் நோர்தாம்ப்டனில் பொம்மை ரயில்கள் விற்ற பாசெட்-லோக் கம்பனிக்காக இருவருமே ஆங்கிலேயப் புகையிரதங்களின் எழுத்துகளோடு பெட்டிகள் செய்து கொடுத்தார்கள் என்பதால், வெளித்தோற்றத்தை மட்டும் வைத்து முடிவு செய்வது ஆபத்து. பிங்கின் குறியில் உள்ளதுபோல் முத்திரையைச் சுற்றிச் சாய்சதுரக் கோடு இருக்கிறதா? பூதக்கண்ணாடியால், வெளிச்சத்தைப் பக்கவாட்டில் விழவைத்துப் பாருங்கள். தேய்ந்த கோடுகள் அப்போதுதான் எழும்பித் தெரியும். கரெட்டின் குறியில் இடையே கூடுதலான எழுத்துகள் நெருக்கமாக இருக்கும்.

கேட்டவர்

நன்றி ஐயா. போல்ட் எதுவும் இல்லை. எல்லாமே மடித்த தகர நாக்குகள். டோர்ச்சைச் சாய்த்துப் பார்த்தபோது சாய்சதுரத்தின் இரண்டு பக்கங்களும், நடுவில் ஒரே ஓர் எழுத்தின் வளைவுகளும் தெரிந்தன. அது பி என்றே எனக்குப் படுகிறது. துருவை எடுத்தால் இன்னும் தெளிவாகுமா?

பதில் – பதுளை

அப்படியானால் பிங் என்று ஏறத்தாழ உறுதியாகச் சொல்லலாம். போருக்குப் பின் அவர்கள் பி.டபிள்யூ. (பிங் வேர்க்கே) என்ற குறிக்கு மாறிவிட்டதால், ஜி.பி.என். இருப்பது உங்கள் பெட்டியின் வயதை நூறாண்டுக்கு மேல் கொண்டுபோகிறது. தயவுசெய்து துருவைச் சுரண்டவோ மண்ணெண்ணெய் பூசவோ வேண்டாம். சாயம் போனால் முத்திரையும் போய்விடும். நாக்குகளை நிமிர்த்தவும் முயல வேண்டாம், பழைய தகரம் மடிப்பில் முறிந்துவிடும். தலவாக்கலையின் ஈரக்காற்றுதான் அதற்குப் பெரிய பகை என்பதால், மென்மையான துணியால் தூசியை மட்டும் துடைத்து, ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பொட்டலங்களோடு இறுக மூடும் டப்பாவில் வையுங்கள். துரை கொடுத்த கதையையும் ஒரு தாளில் எழுதி அதனுடனேயே வைத்துவிடுங்கள்.