டெக்சாஸ் ஹோல்டெம் மற்றப் போக்கர் வகைகளை முந்தியது எப்படி?

கேள்வி: பணம் கட்டி ஆடும் சீட்டாட்டமான போக்கரில் எத்தனையோ வகைகள் இருக்க, கையில் இரண்டு சீட்டுகளும் மேசையில் ஐந்து பொதுச் சீட்டுகளும் கொண்டு ஆடப்படும் டெக்சாஸ் ஹோல்டெம் மட்டும் உலகெங்கும் பரவியது ஏன்? அது எங்கே தோன்றியது?

பதில் 1: 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ராப்ஸ்டவுன் என்னும் ஊரில் அது பிறந்ததாக டெக்சாஸ் சட்டமன்றம் 2007இல் அறிவித்தது, பிறப்பிடம் பற்றி அதற்கு மேல் உறுதியான சான்று கேட்பது வீண். 1960களில் லாஸ் வேகாஸுக்கு வந்த இவ்வாட்டம், சூதாட்ட விடுதி உரிமையாளர் பென்னி பினியன் 1970இல் தொடங்கிய உலகப் போக்கர் தொடரின் முதன்மைப் போட்டியாக விரைவில் நிலைபெற்றது.

பதில் 2: உண்மையான திருப்பம் தொலைக்காட்சியால் வந்தது என்பேன். ஆட்டக்காரரின் மறைசீட்டுகளைப் பார்வையாளருக்குக் காட்டும் கேமராவை 1999இல் ஒரு பிரிட்டன் நிகழ்ச்சி பயன்படுத்திய பிறகுதான், யார் ஏய்க்கிறார், யார் ஏமாறுகிறார் என்பதைப் பார்த்து ரசிக்க முடிந்தது. 2003இல், இணையத்தில் சிறு தொகை கட்டி உலகப் போக்கர் தொடரின் முதன்மைப் போட்டிக்குத் தகுதி பெற்ற கணக்காளர் கிறிஸ் மணிமேக்கர் (பெயரின் பொருளே ‘பணம் ஈட்டுபவர்’!) அதில் 25 லட்சம் டாலர் வென்றார். அவ்வாண்டு 839ஆக இருந்த போட்டியாளர் எண்ணிக்கை, 2006இல் 8,773ஐத் தொட்டது.

பதில் 3: அந்த வேகம் அப்படியே நீடிக்கவில்லை. 2011 ஏப்ரலில் மூன்று பெரிய இணையப் போக்கர் தளங்களின் நிறுவனர்கள் மீது அமெரிக்க அரசு குற்றஞ்சாட்டியதும், அங்கே இணைய ஆட்டம் பெரிதும் முடங்கியது.